"நீ வராதே, நானே போறேன்" என்று பிள்ளை சொன்னால்

தென்காசிப் பக்கமிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். சுருக்கமாக அவர் சொன்னது இது. மகனுக்கு 6 வயது. ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். பெருமூளை வாதம், அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடம்பின் அசைவு தடைபடும் நிலை; இவனுக்கு இரண்டு காலிலும் இறுக்கம். காலுக்கு ஸ்பிளிண்ட் போட்டு, வாக்கர் பிடித்து நடக்கிறான். இந்த ஜூனில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை தானே டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, "நீ வராதே, நானே போறேன்" என்று சொல்லிவிட்டு, நாலு வீடு தள்ளியிருக்கும் கடைக்குப் போய் பிஸ்கட் வாங்கி வந்துவிட்டான். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை; தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. மாமியாரோ, "பச்சப்பிள்ளைய ஏன் இந்தப் பாடு படுத்துத?" என்று கோபப்படுகிறாராம். "நான்தான் ரொம்ப ஆடுகிறேனா? இது இன்னும் வளர நான் என்ன செய்ய வேண்டும்?" என்பது கேள்வி.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; உடுத்துவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளைத் தாங்களே செய்துகொள்ளப் பழக்குபவள். இப்படிப்பட்ட பிள்ளைகளோடும், அதைவிட அதிகமாக அவர்களுடைய அம்மாக்களோடும் ஆச்சிகளோடும்தான் என் வேலை. முதலில் நேரடியாகப் பதில்: நீங்கள் ஆடுவதில் தப்பே இல்லை. இன்னும் கொஞ்சம்கூட ஆடலாம். எதற்காக ஆடுகிறோம் என்பதில் மட்டும் தெளிவாக இருங்கள். பலபேர் "என் பிள்ளை கடை வரைக்கும் நடந்தான்" என்று சொல்வார்கள். நான் உங்கள் கடிதத்தில் அடிக்கோடு போட்டது "நீ வராதே" என்ற இடத்தில்.

அந்த ஒரு பயணத்துக்குள் எத்தனை வேலை இருந்திருக்கும் என்று பாருங்கள். வாசல்படியில் வாக்கரை முதலில் இறக்கிவிட்டுப் பிறகு காலை இறக்க வேண்டும். தெருவில் ஜல்லி பெயர்ந்த இடத்தைப் பார்த்து ஒதுங்க வேண்டும். கடையில் உயரமான பெட்டிக்குப் பின்னால் நிற்கும் அண்ணாச்சிக்குக் கேட்கிற மாதிரி, "எனக்கு ஒண்ணு" என்று குரலை உயர்த்த வேண்டும். இரண்டு கையும் வாக்கரில் இருப்பதால் பிஸ்கட்டை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். மீதிச் சில்லறையை வாங்க ஒரு கையை எடுத்தால் உடம்பு சாயுமே, அதற்கு இடுப்பை பெட்டியில் சாய்த்துக்கொள்ள வேண்டும். இதில் எதையும் பிசியோ அறையில் கம்பியைப் பிடித்து நடக்கவைத்துக் கற்றுக்கொடுத்துவிட முடியாது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் இதில் பாதியை நீங்களே செய்திருப்பீர்கள். அவனுக்கு முன்னால் உங்கள் கை நீண்டிருக்கும். எந்த அம்மாவுக்கும் நீளும்.

இனி கொஞ்சம் மருத்துவக் கணக்கு. பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளின் நடமாட்டத்தை ஐந்து நிலையாகப் பிரிக்கும் முறை ஒன்றை 1997-இல் கனடாவில் வகுத்தார்கள். உங்கள் கோப்பில் ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்று எழுதி ஓர் எண் போட்டிருப்பார்கள். கையால் பிடிக்கும் கருவியோடு நடப்பவர்கள் மூன்றாம் நிலை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் அங்கேதான் இருப்பான். அதே கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில் 657 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2002-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உட்காருவது, நிற்பது, நடப்பது போன்ற பெரிய அசைவுகளில் ஒரு பிள்ளை எட்டக்கூடியதில் சுமார் 90 சதவீதத்தை ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறது என்று அதில் தெரிந்தது. மூன்றாம் நிலைப் பிள்ளைகள் நாலு வயதுக்குள்ளேயே எட்டிவிடுகிறார்கள்.

இதைக் கேட்டதும் பெற்றோர் முகம் வாடிவிடும். "அப்படியென்றால் இனிமேல் முன்னேற்றமே இல்லையா?" என்பார்கள். கால்களின் வலுவிலும் நிதானத்திலும் இனி பெரிய தாவல் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் அதே கால்களை வைத்துக்கொண்டு ஒருவன் எதையெல்லாம் செய்துகொள்கிறான் என்பதற்கு இந்தக் கணக்கில் மேல்வரம்பு கிடையாது. உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது, கடையில் பேரம் பேசுவது, வேண்டாததை வேண்டாம் என்பது எல்லாம் ஆறு வயதுக்கு மேல்தான் வேகமெடுக்கும். அதனால், வாக்கரை எப்போது விடுவான் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டைவிட, வாக்கரோடு எங்கெல்லாம் போவான் என்று பார்க்கும் வீட்டில் பிள்ளை நன்றாக வளர்கிறது. நான் பார்த்தவரையில் இது தப்பியதே இல்லை.

சரி, மாமியார் விஷயம். அவரோடு வாதம் பண்ணாதீர்கள். அவர் கண்ணுக்குப் பேரன் படும் பாடு தெரிகிறது. அது பொய்யும் இல்லை. டி-ஷர்ட்டுக்குள் தலை மாட்டிக்கொண்டு கை தடவித் திரியும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது ஆச்சிகளால் முடியாத காரியம். அவருக்கு "சும்மா இருங்க அத்தை" என்று சொல்வதைவிட ஒரு வேலை கொடுங்கள். பையனிடம், "உனக்கு எது முடியலையோ அதை மட்டும் ஆச்சிகிட்ட கேளு" என்று அவர் காதுபடச் சொல்லிவையுங்கள். "ஆச்சி, பின்னாடி மட்டும் இழுத்துவிடு" என்று அவன் கேட்டால் அவர் இழுத்துவிடட்டும். உதவி வாங்குவதும் அவனுடைய சுதந்திரத்தில் சேர்ந்ததுதான். எந்த இடத்தில், எவ்வளவு என்று அவன் வாய் சொல்ல வேண்டும், அவ்வளவே. கேட்காமல் நீளும் கையைத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொரு சமரசமும் சொல்கிறேன். எல்லா நாளும் எல்லாவற்றையும் அவனே செய்ய வேண்டும் என்று கங்கணம் கட்டாதீர்கள். பள்ளிக்கூட நாள் காலையில் வேன் வந்து நிற்கும்போது நீங்களே சட்டையை மாட்டிவிடுங்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. சாயங்காலம் யூனிஃபார்மைக் கழற்றுவதை மட்டும் அவனுக்கு விட்டுவிடுங்கள். போடுவதைவிடக் கழற்றுவது எப்போதுமே சுலபம். கற்றுக்கொடுக்க ஆரம்பிக்க வேண்டிய இடமும் அதுதான்.

கற்றுக்கொடுப்பதில் எங்கள் தொழிலில் பழகிப்போன ஒரு வழி இருக்கிறது: வேலையின் கடைசிப் படியை முதலில் கொடுப்பது. டவுசரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள்களில் நீங்களே இரண்டு காலையும் நுழைத்து, தொடை வரை ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுப்பதை மட்டும் அவனுக்கு விடுங்கள். வேலை முடியும் இடத்தில் அவன் கை இருக்கிறது. "முடிச்சிட்டேன்" என்ற திருப்தி அவனுக்குப் போகிறது. அது கைவந்த பிறகு முழங்காலிலேயே விட்டுவிடுங்கள். அப்புறம் கணுக்காலில். கடைசியாகத்தான் துணியைக் கையில் கொடுத்து, "இந்தா" என்பது. முதல் படியிலிருந்து தொடங்கினால் பிள்ளை பாதியில் சலித்துப் போவான், முடித்து வைப்பது எப்போதும் நீங்களாக இருப்பீர்கள்.

உட்காரும் விதமும் முக்கியம். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தொடையின் பின்பக்கத் தசை இறுக்கமாக இருக்கும். காலை நீட்டித் தரையில் உட்காரவைத்தால் இடுப்பு பின்னால் இழுக்கும், முதுகு கூனும், ஒரு கையை ஊன்றாமல் உட்கார முடியாது. மிச்சமிருக்கும் ஒரு கையால் டவுசர் போடச் சொன்னால் எப்படிப் போடுவான்? பாதம் இரண்டும் தரையில் பதிகிற உயரத்தில் ஒரு முக்காலி அல்லது சின்ன பெஞ்ச், பின்னாலோ பக்கத்திலோ சாய ஒரு சுவர், இது போதும். இரண்டு கையும் விடுதலையாகிவிடும். எந்தக் கால் அதிக இறுக்கமோ அதை முதலில் நுழைக்கச் சொல்லுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியில். இடுப்பில் எலாஸ்டிக், பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ, ஒரு அளவு பெரிய டி-ஷர்ட், நெஞ்சுப் பக்கம் ஒரு படம். படம் எதற்கென்றால் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று உங்களைக் கேட்காமல் அவனே தெரிந்துகொள்ளத்தான்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் ஊட்டுவதுதான் கடைசியாக விடுபடும் பழக்கம். பத்து வயதுப் பிள்ளைக்கும் ஊட்டிக்கொண்டிருப்பார்கள், கேட்டால் "சிந்திருவான்" என்பார்கள். சிந்தட்டும். தட்டுக்கு அடியில் ஓர் ஈரத் துணியை விரித்தால் தட்டு நகராது. விளிம்பு உயர்ந்த தட்டாக இருந்தால் சோற்றை ஓரத்தில் அணைத்து எடுக்கலாம். இட்லியில் தொடங்குங்கள், பிறகு கெட்டியாகப் பிசைந்த பருப்புச் சாதம். ரசம் சாதம் கடைசியில். கரண்டிப் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டால் பிடி தடிமனாகி நழுவாது. சாப்பிடும்போது அடிக்கடி புரையேறும், இருமும் என்றால் மட்டும் இதையெல்லாம் தொடங்கும் முன் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் காட்டிவிடுங்கள்.

எல்லாவற்றிலும் உங்களுக்கு ஆகக் கடினமானது காத்திருப்பதுதான். ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். "கையை விடு, அப்படியில்ல, இப்படி, தலையை நுழை" என்று நாம் ஓதிக்கொண்டே இருந்தால் சட்டையைப் போடுவது அவன் கையும் நம் மூளையுமாகப் போய்விடும். இந்தப் பிள்ளைகளுக்கு ஓர் அசைவைத் திட்டமிட்டுத் தொடங்கவே மற்றவர்களைவிட நேரம் பிடிக்கும். நாம் "முடியலை போல" என்று நினைத்துக் கையை நீட்டும் நொடியில்தான் அவன் தொடங்கப் போயிருப்பான்.

பாராட்டுவதற்கு வருவோம். 1998-இல் அமெரிக்காவில் கேரல் டுவெக்கும் கிளாடியா மியுல்லரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்துக் கடினமான புதிரைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். "நன்றாக முயன்றாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் கற்றுக்கொள்ள வாய்ப்புள்ள கடினமானதையே தேர்ந்தெடுத்தார்கள். அதனால் "என் தங்கம், என் சிங்கம்" என்பதோடு நிறுத்தாமல், நடந்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். "தலை மாட்டிக்கிச்சு, நீ வெளியே எடுத்துட்டு மறுபடி போட்டே. பார்த்தேன்." அவ்வளவு போதும். எதைச் செய்ததால் காரியம் நடந்தது என்று அவனுக்குத் தெரிந்தால் நாளைக்கும் அதைச் செய்வான்.

இதிலேயே ஒரு சின்ன எச்சரிக்கை. வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போடுகிறீர்கள் என்றால் அவனைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஆறு வயதுக்கு "போடலாமா?" என்ற கேள்வி நன்றாகவே புரியும். அவன் வேண்டாம் என்றால் போடாதீர்கள். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு நடக்குது" என்று கண் கலங்குவதும் ஒரு தினுசான பாரம்தான். பிஸ்கட் வாங்கப் போன பிள்ளைக்கு யாருடைய கண்ணீரும் தேவையில்லை, பிஸ்கட் போதும்.

அடுத்தது கொஞ்சம் கசக்கும். நீங்கள் கடிதத்தின் நடுவே, "டாக்டர் தூரத்துக்கு வீல்சேர் வாங்கச் சொல்றார், எனக்கு மனசு வரலை" என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்குங்கள். பெருமூளை வாதமுள்ள பிள்ளை ஒரே தூரத்தை நடக்க மற்ற பிள்ளைகளைவிட இரண்டு மூன்று மடங்கு வரை சக்தி செலவழிக்க வேண்டியிருக்கும். பள்ளிக்கூட வாசலிலிருந்து வகுப்பு வரை நடந்தே களைத்துப்போனால், எழுதவும் கவனிக்கவும் என்ன மிச்சமிருக்கும்? வீட்டுக்குள்ளும் வகுப்புக்குள்ளும் வாக்கர், கோயில் கொடைக்கும் சந்தைக்கும் வீல்சேர் என்று வைத்துக்கொள்ளலாம். வீல்சேரில் உட்கார்ந்தால் கால் "மறந்துபோகும்" என்று ஊரில் சொல்வார்கள். இரண்டையும் இடத்துக்கு ஏற்றபடி பயன்படுத்தும் பிள்ளைக்கு அப்படி எதுவும் ஆகாது. அவனே உருட்டிப் போகும்படியான அளவில் வாங்குங்கள். பெரிய ஆஸ்பத்திரி வீல்சேரில் உட்காரவைத்து நீங்கள் தள்ளினால் அது இடுப்பில் தூக்கிப்போவது மாதிரிதான்.

உங்கள் பக்கத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறதே, அதை 1981-இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கல்லூரிக் காலத்தில் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அதன் பிறகு நடக்கவே இல்லை. 2020-இல் பத்மஸ்ரீ வாங்கினார். எல்லாப் பிள்ளையும் பத்மஸ்ரீ வாங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, அந்த மாதிரிப் பேச்சு எனக்கும் பிடிக்காது. உங்கள் மாமியாருக்கு அந்த ஊரும் பெயரும் பழக்கமாக இருக்கும். வீல்சேர் வீட்டுக்குள் வரும் நாளில் உதவும். சிறு குழந்தைகளுக்கான சிகிச்சையும் பெற்றோர் பயிற்சியும் அங்கே நடக்கிறது. போய்ப் பாருங்கள்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது? விழுவான். 1972-இல் அமெரிக்காவில் ராபர்ட் பெர்ஸ்கி என்பவர் அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரை எங்கள் துறையில் இன்றும் பேசப்படுகிறது: மற்ற எல்லோருக்கும் இருக்கிற சின்னச் சின்ன ஆபத்துகளைக்கூட இவர்களுக்கு இல்லாமல் செய்வது இவர்களுடைய கண்ணியத்தைக் குறைப்பது என்று. உங்கள் தெருப் பிள்ளைகள் முழங்காலில் சிராய்ப்பு இல்லாமலா வளர்கிறார்கள்? ஆனால் விழுவதற்குப் பயிற்சி கொடுக்கலாம். மெத்தை விரித்து, கையை முன்னால் ஊன்றி விழவும், உருண்டு முட்டிபோட்டு, வாக்கரின் கீழ்க் கம்பியில் தொடங்கிப் பிடித்து எழவும் பழக்கச் சொல்லி உங்கள் பிசியோவிடம் கேளுங்கள். எழத் தெரிந்தவனுக்கு விழும் பயம் பாதி போய்விடும், அம்மாவுக்கும் போகும். பையனுக்கு வலிப்பு வருவதுண்டு என்றாலோ, தெருவில் லாரி போகும் என்றாலோ மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். கொஞ்சம் பின்னால், அவன் திரும்பினால் தெரியாத தூரத்தில் ஒருவர் வரட்டும்.

இவ்வளவு சந்தோஷத்தில் ஒன்றை மறக்க வேண்டாம். மூன்றாம் நிலைப் பிள்ளைகளில் பத்துக்கு நாலு பேருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது, ஆரம்பத்தில் வலிக்காது. எலும்பு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இடுப்பு எக்ஸ்ரேயைத் தவறவிடாதீர்கள். உயரம் வளரும்போது தசை இன்னும் இறுகும், ஸ்பிளிண்டும் சின்னதாகிவிடும். கழற்றியதும் தோலில் சிவப்புத் தடம் இருபது நிமிடத்துக்கு மேல் மறையாமல் இருந்தால் அளவு சரியில்லை என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: "இடைவேளைக்கு நான் போய் வருகிறேன்." எனக்கு அது போதும், புரிந்துவிட்டது. கழிப்பறை. தமிழ்நாட்டில் எத்தனையோ அம்மாக்கள் பள்ளி வளாகத்தில் வேப்பமரத்தடியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது பாடத்துக்காக இல்லை, இதற்காகத்தான். சில பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிட வெட்கப்பட்டுத் தண்ணீரே குடிப்பதில்லை. மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் அப்படித்தான் தொடங்கும். பிற பிள்ளைகள் முன்னால் அம்மா வந்து தூக்கிப் போவது ஆறு வயதில் பொறுத்துக்கொள்ளும், எட்டு வயதில் பொறுக்காது. அதனால் அடுத்து எதைக் கற்றுக்கொடுப்பது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வீட்டில் சுவரில் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, உட்காரும் உயரத்தில் கோப்பை அல்லது ஓட்டை போட்ட நாற்காலி, எலாஸ்டிக் டவுசர். அங்கே வந்துவிட்டால் பள்ளியிலும் அதே மாதிரி கம்பி கேளுங்கள்.

கேட்பது தயவுக்காக இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. கட்டடத்தையும் வளாகத்தையும் அவர்கள் புழங்கும்படி வைக்க வேண்டியதும் பள்ளியின் பொறுப்பு. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், ஒரு நகல் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்கு. அங்கே சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள்; அவர்களைப் பள்ளிக்கு வரவழைத்துக் கழிப்பறையைக் காட்டுங்கள். யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். வாக்கர், வீல்சேர் எல்லாவற்றுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் பெருமூளை வாதத்துக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவும் அதில் அடங்கும்.

கடைசியாக, கடைக்குத் தனியாகப் போகத் தொடங்கிய பிள்ளையிடமிருந்து சீக்கிரமே ஒரு கேள்வி வரும்: "எனக்கு மட்டும் ஏன் கால் இப்படி?" தெருவில் யாராவது கேட்டிருப்பார்கள், அதை வீட்டுக்குக் கொண்டுவருவான். "சாமி குடுத்தது", "பெரியவனானா சரியாயிரும்" இரண்டையும் சொல்லாதீர்கள். இரண்டாவது பொய் என்று பத்து வயதில் அவனே கண்டுபிடிப்பான், அப்புறம் நீங்கள் சொல்லும் மற்றதையும் நம்ப மாட்டான். இப்படிச் சொல்லுங்கள்: "நீ ரொம்பச் சீக்கிரமா பிறந்துட்டே. அப்போ காலுக்குச் சேதி சொல்ற மூளைப் பகுதியில ஒரு அடி பட்டுருச்சு. அதனால கால் இறுக்கமா இருக்கு. வாக்கர் பிடிச்சா நடக்கலாம்." இவ்வளவுதான், இதே தொனியில், அழாமல். தெருவில் அடுத்தமுறை யாராவது கேட்டால் அவன் சொல்வதற்கு ஒரு பதில் கையில் இருக்கும். "நீ சொல்லலாம், சொல்லப் பிடிக்கலைன்னா சொல்லாம வந்துடலாம்" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அந்தப் பதிலை ஆச்சிக்கும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். தெருவில் பாதிப்பேர் அவரிடம்தான் கேட்பார்கள்.